ஒரு நிமிஷம் மேடம், பார்த்துக்கொண்டிருக்கிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பையனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். ஐந்தாவது படிக்கிறான். தமிழில் கேட்டால் எல்லாம் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் வரும். பெரியம்மா என்று கூப்பிட மாட்டான், ‘பெத்தம்மா’தான். திருத்தித் திருத்திப் பார்த்து அலுத்துப்போய், இப்போது அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பிரசன்ட் கன்டினியூவஸ் டென்ஸை எப்போது பயன்படுத்த வேண்டும், ஐந்து உதாரணம் தருக, என்று கேள்வி. வெளியே வானம் இருட்டி மழைக்குத் தயாராக நிற்கிறது. இவன் ‘தி சன் ஈஸ் ஷைனிங்’ என்று எழுதியிருக்கிறான்.

“டேய், எங்கடா வெயில்?”

“பெத்தம்மா, இட்ஸ் ஒன்லி அன் எக்ஸாம்பிள்.”

“இப்ப நடக்கறதைத்தானே எழுதணும்? மேகம் கட்டிக்கினு இருக்கு. நீ நகத்தைக் கடிச்சிக்கினு இருக்கே. நான் உன்னப் பாத்துக்கினு இருக்கேன். இத எழுதேன்.”

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “நுவ்வு டென்த் ஃபெயில் கதா, பெத்தம்மா?” என்றான்.

என் தங்கச்சி வீட்டில் என்னைப் பற்றி இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. ஃபெயில் இல்லை, எழுதவே இல்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் நோட்டை மூடிவிட்டு டி.வி. பக்கம் போய்விட்டான். அந்த ஒரு டென்ஸை வைத்துத்தான் உன் பெத்தம்மா நாலு வருஷம் சாப்பிட்டாள் என்று அவனிடம் சொன்னால் நம்பவா போகிறான்? நீங்கள் நம்புவீர்கள் என்றுதான் உங்களிடம் சொல்கிறேன்.

அவன் நோட்டுக்குப் பிரௌன் அட்டை போட்டிருந்தது. அதில் மைதாப் பசை வாசனை. எனக்கு அந்த வாசனை ஆகாது. பத்தாவது பரீட்சைக்கான ஹால் டிக்கெட்டில் அந்தப் பசையை வைத்துத்தான் என் போட்டோவை ஒட்டினார்கள். பரீட்சை அன்றைக்குக் காலையில் காய்ச்சல் வந்தது. நடிப்பில்லை, தெர்மாமீட்டர் வைத்தே பார்த்தார்கள். அடுத்த தடவையும் அதே கதை. அம்மா பாஸ்டரை வீட்டுக்கே வரவழைத்துத் தலையில் கை வைத்து ஜெபம் பண்ண வைத்தாள். ஜெபத்தில் குறையில்லை. பரீட்சை முடிந்த மறுநாள் காய்ச்சல் சொன்ன சொல் கேட்டுப் போய்விட்டது. மூன்றாவது தடவை என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் பிறவியிலேயே கவலைப்படுகிறவள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பேன், தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தும் இழுத்துப் பார்ப்பேன். பஸ் தாமதமானால் கவிழ்ந்திருக்குமோ என்று நினைப்பேன். சீக்கிரம் வந்தால் பிரேக் இல்லையோ என்று நினைப்பேன். “சும்மா சும்மா பயப்படறது நக்கோடி” என்று அம்மா சொல்லாத நாளில்லை. எங்கள் வீட்டுத் தமிழ் அப்படி, வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்துக்காரர்களின் ‘நக்கோ’. கொள்ளுத்தாத்தா குடியாத்தத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்து திருமுல்கேரியில் தங்கிவிட்டவர். குடியாத்தமும் போகவில்லை, ஹைதராபாத்தும் ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷ் மட்டும் எனக்குச் சர்ச்சில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நாக்கு திரும்பியிருந்தது. இலக்கணம் தெரியாது. உச்சரிப்பு மட்டும் ஜோராக இருக்கும்.

பள்ளிக்கூடம் நின்றபின் மல்லாபூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போனேன். பட்டைப் பட்டையாக வரும் மாத்திரைகளில் குழி காலியாக இருக்கிறதா என்று பார்த்து எடுத்துப்போட வேண்டும். தலைக்குத் துணித்தொப்பி, வாய்க்குக் கட்டு. அங்கே பேசக்கூடாது. பேசினால் எச்சில் தெறிக்கும், கவனம் சிதறும் என்று சூப்பர்வைசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாய்க்கட்டை அவிழ்த்தால் உதட்டில் கசப்பு. சோறு கசக்கும், தண்ணீர் கசக்கும். வாய் கசந்தாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். யாரும் நம்மிடம் எதுவும் கேட்காத இடம். கேள்வி இல்லாத இடத்தில் காய்ச்சல் வராது.

ஸ்டெல்லாவும் அங்கேதான் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். போவன்பள்ளிப் பெண். தமிழ்க் கத்தோலிக்கர்கள். ஒருநாள் வேலையை விட்டுப் போனாள். இரண்டு மாதம் கழித்து லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, கால் சென்டர்ல ஆள் எடுக்கறாங்க. ஆஸ்திரேலியாக்காரங்களோட போன்ல பேசணும். நீ சர்ச்ல பைபிள் வாசிப்பேல்ல, அந்த வாய் போதும்.”

“நான் பத்தாவது எழுதலியே.”

“நானு பாஸ் பண்ணி இன்னா கிழிச்சேன்? வா சும்மா.”

அம்மாவுக்கு விஷயம் விளங்கவே நேரமானது. “பேசறதுக்கா சம்பளம்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். “ஆண்டவரே, இவ வீட்ல பேசினதுக்கெல்லாம் யாராச்சும் குடுத்திருந்தா நாம இந்நேரம் பங்களாவுல இருந்திருப்போம்.”

செகந்திராபாத்தில் ஒரு சோபாக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. இன்டர்வியூ எடுத்தவர் ஸ்ரீகாந்த் என்ற தெலுங்குப் பையன். என்னைவிட இரண்டு வயது சின்னவராகத்தான் இருப்பார், டீம் லீடர். என் பேப்பரைப் பார்த்தார், கல்வித் தகுதி என்ற இடம் காலியாக இருந்ததையும் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்த அறையில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றார்.

பயத்தில் எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் வாயில் வந்துவிட்டது. ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது சார். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வேர்த்துக்கொண்டிருக்கிறது. கதவுக்கு வெளியே ஸ்டெல்லா ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. மூச்சு விடாமல் எல்லாவற்றுக்கும் ‘இங்’ போட்டுச் சொன்னேன். ஸ்ரீகாந்த் சிரித்துவிட்டு டீயை எடுத்துக் குடித்தார்.

மூன்று மாதம் தற்காலிகம். பத்தாவது சர்டிபிகேட் இருப்பவர்களுக்கு அது சும்மா பேருக்கு. இல்லாதவர்களை நிரந்தரம் பண்ண வேண்டுமென்றால் மூன்று மாதமும் குவாலிட்டி மார்க் குறையக்கூடாது. ஒரு மாதம் குறைந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் பேசுவதையெல்லாம் டேப் செய்து, ஆங்காங்கே எடுத்துக் கேட்டு மார்க் போடுவார்கள். ஆக, பரீட்சைக்குப் பயந்து ஓடினவளுக்குத் தினம் தினம் பரீட்சை. மல்லாபூரில் ‘வேலை வேண்டாம் சார், எனக்கு வேற இடம் கிடைச்சிட்டது’ என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் வாய்க்கட்டைக் கட்டிக்கொண்டு அதே நாற்காலியில் உட்காருவதை நினைத்தாலே உதட்டில் கசப்பு வந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கு வீடு சுடுதண்ணீர் மெஷின் உண்டாம். அது பழுதானால் எங்கள் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். பேரைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தேடி, மெக்கானிக் எப்போது வருவார் என்று சொல்ல வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதற்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு பேரைத் தட்டிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அந்த நேரம் முழுக்க அந்தப் பக்கம் ஒரு ஆள் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்பார். அப்போது நாம் சும்மா இருந்தால் அதற்கு ‘டெட் ஏர்’ என்று பேர். செத்த காற்று. அந்தக் கம்பெனியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பேசினால் தப்பு என்ற இடத்திலிருந்து நான் பேசாவிட்டால் தப்பு என்ற இடத்துக்கு வந்திருந்தேன்.

செத்த காற்றுக்கு மருந்துதான் பிரசன்ட் கன்டினியூவஸ். ஸ்ரீகாந்த் வகுப்பு எடுத்தார். அவர் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “போனுக்கு அந்தப் பக்கம் இருக்கறது ஒரு காது. அந்தக் காதுக்குக் கண் கிடையாது. நீங்க இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் நீங்க அங்க இருக்கீங்கன்னு அர்த்தம். சொல்லலேன்னா செத்துட்டீங்க.” அதனால், ஐ ஆம் ஓப்பனிங் யுவர் ஃபைல், மேடம். ஐ ஆம் செக்கிங், மேடம். ஃபைலைத் திறந்துகொண்டிருக்கிறேன், பார்த்துக்கொண்டிருக்கிறேன், தேதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நேரடி ஒலிபரப்பு நடத்த வேண்டும்.

எல்லாச் சொல்லுக்கும் ‘இங்’ ஒட்டாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். தெரியும், வேண்டும், நம்புகிறேன், பிடிக்கும், இதற்கெல்லாம் சேர்க்கக்கூடாதாம். ஹைதராபாத்தே ‘ஐ ஆம் நோயிங்’ என்றுதான் பேசிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம். மனசுக்குள் சும்மா கிடப்பதற்குச் சேர்க்காதே, செய்துகொண்டிருக்கிற வேலைக்குச் சேர் என்றார். நான் கையைத் தூக்கினேன்.

“சார், கவலை? வொர்ரி?”

ஸ்ரீகாந்த் போர்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். “வொர்ரியிங்… வரும் அக்கா. அது வேலைதான்” என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் ரொம்ப ஆறுதலாக இருந்தது. இத்தனை வருஷமாக நான் சும்மா இல்லை, ஏதோ வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் பொழுது நமக்கு முன்னால் விடிந்துவிடுவதால் எங்கள் ஷிப்டு அதிகாலையில். ஆபீஸ் வண்டி திருமுல்கேரியில் என்னை ஏற்றிக்கொண்டு, ஸ்டெல்லாவை ஏற்றப் போவன்பள்ளி போகும். காய்கறி லாரிகளெல்லாம் மார்க்கெட்டுக்குள் நுழைகிற நேரம் அது. வண்டி நகராது. ஜன்னல் வழியாகக் கொத்தமல்லி வாசனையும் அழுகின முட்டைக்கோசு நாற்றமும் ஒன்றாக வரும். இன்றைக்கும் கொத்தமல்லிக் கட்டை முகர்ந்தால் எனக்கு லேட்டாகிவிட்டது என்ற பயம்தான் முதலில் வரும். அந்தக் கட்டோடு ஸ்டெல்லாவும் ஏறுவாள், அவள் அம்மா மார்க்கெட்டில் வாங்கி எங்கள் வீட்டுக்கென்று கொடுத்தனுப்பியது. நான் நாள் முழுக்க அதைக் காலடியில் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவோடு பேசுவேன்.

அங்கே எல்லாருக்கும் வேறு பேர் கொடுத்திருந்தார்கள். நான் ஜேன். ஸ்டெல்லா, கேட். “ஸ்டெல்லாவே வெள்ளக்காரப் பேருதானேடி, அதுக்கு மேல இன்னாத்துக்கு?” என்று கேட்டேன். “ஞானஸ்நானம் ஒருத்தருக்கு ஒருதரம்தான்னு உங்க சர்ச்சுல சொல்லுவாங்க. நமக்கு கம்பெனி இன்னொருவாட்டி குடுத்திருக்கு” என்றாள். ‘ஐ ஆம் செக்கிங், மேடம்’ என்று குழைவாகச் சொல்லிக்கொண்டே நகத்துக்குப் பாலிஷ் போடுவாள். எனக்கு அது வராது. செய்யாததைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னால் மாட்டிக்கொள்வேனோ என்ற பயம். அதனால் உண்மையிலேயே செய்வதைத்தான் சொல்வேன். அம்புக்குறியை நகர்த்திக்கொண்டிருக்கிறேன் மேடம். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது மேடம். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்படியில், “உப்பு போட்டுக்கினு இருக்கேன். மூடிக்கினு இருக்கேன்” என்று நான் பாட்டுக்குச் சொல்ல, “யாரு கிட்டடி பேசறே?” என்று அம்மா ஓடி வருவாள். சர்ச்சில்தான் ரொம்பக் கஷ்டம். மௌன ஜெபத்துக்கு எல்லாரும் தலை குனிந்ததும் எனக்குப் பதற ஆரம்பிக்கும். டெட் ஏர்! ஆண்டவர் லைனைக் கட் செய்துவிட்டால்? ‘ஐ ஆம் ப்ரேயிங், ஐ ஆம் ஸ்டில் ப்ரேயிங்’ என்று உதட்டுக்குள் முணுமுணுப்பேன்.

இரண்டாவது மாதத்தில் மிஸஸ் பார்க்கர் கூப்பிட்டார். வயதான குரல். பேரைத் தட்டினேன், கம்ப்யூட்டர் நின்றே போய்விட்டது. திறந்துகொண்டிருக்கிறேன், காத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன், எல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. அடுத்து என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அமைதி வந்துவிடும் என்ற நடுக்கத்தில், “ஐ ஆம் வொர்ரியிங், மேடம்” என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. “ரான்! நம்ம சுடுதண்ணிக்காக இந்தப் பொண்ணு கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாளாம்!” என்று வீட்டுக்குள் யாரிடமோ சத்தமாகச் சொன்னார். தூரத்திலிருந்து ஒரு கிழவர் குரல், குளிக்காமல் நாறிக்கொண்டிருப்பது நான், எனக்காகவும் கொஞ்சம் கவலைப்படச் சொல், என்று கத்தியது.

அந்த டேப்பை ஸ்ரீகாந்த் ஹாலில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். ஸ்டெல்லா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மார்க் என்னவோ போகவில்லை, பேசிக்கொண்டுதானே இருந்தேன்! அவர்கள் மெஷினுக்கு முதலில் வந்த பாகம் பொருந்தவில்லை, இரண்டாவது வந்தது உடைந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஜேனைக் கொடு என்று கேட்டு மிஸஸ் பார்க்கர் கூப்பிடுவார். கவலைப்படும் பெண் எப்படி இருக்கிறாள் என்று பின்னாலிருந்து ரான் விசாரிப்பார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவருக்கு நெஞ்சு சரியில்லை என்று தெரிந்தது. எனக்கு அது போதாதா? அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டுக்கு முன் செய்கிற ஜெபத்தில் அவர் பேரையும் சேர்த்துக்கொண்டேன். “யாருடி அது ரானு?” என்றாள் அம்மா, சந்தேகமாக. சுடுதண்ணீர்க் கேஸ் என்று விளக்கினேன். “பாவம், ஸ்தோத்திரம்” என்று அவளும் சேர்ந்துகொண்டாள்.

மூன்றாவது மாதம், கடைசி வாரம். இந்த வாரம் மார்க் குறையாமல் போனால் நிரந்தரம். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு மேல் இருக்கும், மிஸஸ் பார்க்கர் லைனில் வந்தார். மெக்கானிக் என்றைக்கு வருகிறார் என்று கேட்டார். குரலில் ஏதோ ஒரு மாதிரி. நான் ஆரம்பித்துவிட்டேன். உங்கள் ஃபைலைத் திறந்துகொண்டிருக்கிறேன் மிஸஸ் பார்க்கர். மிஸ்டர் பார்க்கர் பேர் வந்துகொண்டிருக்கிறது. அவர் எப்படி இருக்கிறார்? இன்றைக்குச் சத்தமே காணோமே?

போன வாரம் இறந்துவிட்டார் என்றார். அவருக்கென்று வாங்கிப் போட்டிருந்த கட்டிலை இப்போதுதான் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்களாம்.

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஸாரி என்றிருப்பேன். பிறகு பழக்கதோஷம், தேடிக்கொண்டிருக்கிறேன், திறந்துகொண்டிருக்கிறேன் என்று வாய் தானாக ஓடியது.

“ஜேன், கண்ணு” என்றார். அவர் சொன்னது ‘டியர்’தான், எனக்கு அப்படித்தான் கேட்டது. “கொஞ்சம் நிறுத்தறியா? போனை வைத்துவிடாதே. பேசாமல் மட்டும் இரு.”

வாயை மூடினேன்.

அவர் சமையலறையில் இருந்திருக்க வேண்டும். ஒரு கடிகாரம் கேட்டது. ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ ஒரு பறவை, நம் ஊரில் கேட்காத குரல், குழாயில் தண்ணீர் கொப்பளிப்பது போல. அவர் அழுகிற மாதிரிக்கூட இல்லை, மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. என் திரையில் ஃபைல் திறந்து, தேதி வந்து, எல்லாம் தயாராக நின்றது. சொல்லவில்லை.

ஸ்ரீகாந்த் பின்னால் வந்து நின்றார். அவர் திரையில் என் லைன் சிவப்பாகியிருக்கும். மேஜையைத் தட்டினார். நான் திரும்பவில்லை. ஒரு தாளில் ‘டெட் ஏர்!’ என்று பெரிதாக எழுதி என் மூக்குக்கு நேராக நீட்டினார். வாயைத் திறந்து காரணம் சொல்லவும் முடியாது. இடது கையைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினேன். மேலே தூக்கின கையை இறக்கவே இல்லை. எப்போதும் அடுத்த நிமிஷத்தில் என்ன ஆகுமோ என்று இருப்பவள் நான். அப்போது அடுத்த நிமிஷம் என்று ஒன்று இருப்பதாகவே தோன்றவில்லை. பக்கத்தில் நகப்பூச்சு மூடியைத் திருகிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அதை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கடைசியில் மிஸஸ் பார்க்கர் மூக்கைச் சிந்தினார். “சரி. இப்போது சொல், எந்தக் கிழமை?”

வியாழக்கிழமை என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால் துணித்தொப்பியும் வாய்க்கட்டும்தான் தெரிகிற மாதிரி இருந்தது. ஸ்டெல்லா பின்னாலேயே வந்தாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. ‘ஐ ஆம் ஹியர்’னு. அது போதுமே.”

“பேசாதேன்னாங்கடி.”

“கஸ்டமர் பேசாதேன்னா நீ பேசாம இருந்துடுவியா? இன்னாத்துக்கு இப்டி பண்றே?” என்று திட்டிவிட்டுத் துப்பட்டாவால் என் முகத்தை அவளே துடைத்தாள்.

மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர், ஸ்ரீகாந்த், நான். டேப்பைப் போட்டார்கள். என் தேடிக்கொண்டிருக்கிறேன், திறந்துகொண்டிருக்கிறேன் எல்லாம் கேட்டது. கேட்கவே கூச்சமாக இருந்தது. பிறகு, நிறுத்தறியா என்ற குரல். பிறகு ஒன்றுமில்லை. மேனேஜர் வேகமாக ஓட்டிவிடக் கையை நீட்டினார். “உண்டனீயண்டி சார்,” இருக்கட்டும் என்றார் ஸ்ரீகாந்த். மூன்று பேரும் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய சமையலறையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடிகாரம், ஃபிரிட்ஜ், அந்தப் பறவை. கீழே சோபாக் கடையில் யாரோ ஆணி அடிப்பதுகூட நின்றால் தேவலை என்றிருந்தது. டேப்பில் என் மூச்சுச் சத்தமும் இருந்தது. நான் அவ்வளவு நிதானமாக மூச்சு விட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

டேப் முடிந்தது. மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்கு நான் என்ன மார்க் போடுவது என்று ஹிந்தியில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அமைதிக்குப் பூஜ்யம் என்று கம்பெனி விதி, அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்றார். பூஜ்யமே போட்டார். அந்த மாதம் போயிற்று. ஒரு மாதம் போனால் வீடு என்பதுதான் பேச்சு. எழுந்திருக்கப் போனேன்.

“ஆனா லைன் கட் ஆகலியே, சார்” என்றார் ஸ்ரீகாந்த். “அந்தம்மாவும் வைக்கலே, இவங்களும் வைக்கலே. ரெண்டு பேரும் லைன்லதான் இருந்தாங்க. இது எப்டி டெட்?”

மேனேஜர் என்னையே பார்த்தார். இன்னும் மூன்று மாதம் தற்காலிகமாகவே இருக்கட்டும் என்றார். அதை என் பேப்பரில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “நிரந்தரம் இல்லயாம்மா. இன்னும் மூணு மாசம்.”

“அனுப்பிடலயே?”

“இல்ல.”

“அப்பறம் இன்னா? நாமெல்லாம் இங்க நிரந்தரமா?” என்றவள் கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ரானு சம்சாரத்துக்கு யாரு இருக்கா கூட?” என்றாள். தெரியவில்லை என்றேன். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் அம்மா ஜெபம் செய்தாள். நடுவில் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் முணுமுணுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஸ்ரீகாந்த் எங்கள் ஹாலுக்கு மட்டும் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். போனில் இருப்பவர் பேசாமலிரு என்று கேட்டால் இடது கையைத் தூக்க வேண்டும். அவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், தாளில் தன் கையெழுத்தைப் போடுவார், அதற்குப் பூஜ்யம் கிடையாது. மேனேஜருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். எப்போதாவதுதான் நடக்கும். வாரக்கணக்கில் யாரும் தூக்க மாட்டார்கள். திடீரென்று அத்தனை பேர் பேசுகிற இரைச்சலுக்கு நடுவே ஒரு கை மேலே போகும். பார்த்தவர்கள் குரலைத் தணிப்பார்கள். அதைக் கேட்டு அடுத்த வரிசை தணியும். ஐ ஆம் செக்கிங், ஐ ஆம் ஓப்பனிங் எல்லாம் ரகசியம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். ஒருநாள் ஸ்டெல்லாவின் கை தூக்கியிருந்தது. பாலிஷ் காயாத விரல்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

என் நிரந்தரக் கடிதம் அடுத்த மூன்று மாதத்தில் வந்தது. பேரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. அது எனக்கு அந்தக் கம்பெனி மூடுகிறவரைக்கும் நிரந்தரமாக இருந்தது. நாலாவது வருஷம் அழைப்புகள் குறைந்தன. ஆஸ்திரேலியாவில் மெஷினே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டதாம். ஒரு மத்தியானம் ஹெட்போன்களையெல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினார்கள். ஸ்ரீகாந்த் பெங்களூர் போனார். ஸ்டெல்லா கல்யாணமாகிக் கோவாவில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள், இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம். மிஸஸ் பார்க்கர் அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் கூப்பிடவில்லை. மெஷின் சரியாகிவிட்டது என்றுதான் அர்த்தம். அம்மாவும் இப்போது இல்லை. அந்த மூன்றாவது மாடியில் ஏதோ கோச்சிங் சென்டர் நடக்கிறது. அங்கேயும் கை தூக்குவார்கள், பதில் தெரிந்தவர்கள்.

போன மாதம் கேஸ் சிலிண்டர் வராததற்கு ஒரு நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல் எடுத்தது. நல்ல உச்சரிப்பு, தடுமாற்றமே இல்லை. உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், உங்கள் அழைப்பை இணைத்துக்கொண்டிருக்கிறோம் என்று இடைவெளி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அது நின்றால் பாட்டு, பாட்டு நின்றால் அது. ஒரு சொட்டு செத்த காற்று கிடையாது. யாராவது மூச்சு விடுகிறார்களா என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். “கொஞ்ச நேரம் பேசாம இரும்மா” என்று சொல்லிப் பார்த்தேன்.

ஒன்றை அழுத்துங்கள் என்றது.